மாநிறம் என்று குறித்தேன்

மாதேவி அக்காவின் கன்னத்தைச் சுட்டது வெயில் அல்ல. நான்தான்.

நான்கு வருடமாக இதை ஒருவரிடமும் சொல்லவில்லை. டாக்டரிடம் சொல்லவில்லை. என் அம்மாவிடம் சொல்லவில்லை. மாதேவி அக்காவிடம்... அவரிடம் நான் சொன்னது வெயில் என்ற ஒரே ஒரு சொல். அவர் அதை நம்பினார். இன்றும் நம்புகிறார்.

உங்களிடம் ஏன் சொல்கிறேன்? நீங்கள் அவரைப் பார்க்கப் போவதில்லை. என்னையும் பார்க்கப் போவதில்லை. அந்தத் தைரியம்தான். வேறு ஒன்றும் இல்லை.

மைசூரில் ஒரு தனியார் கண் மருத்துவமனை. அதன் மாடியில், படிக்கட்டை ஒட்டி ஒரு சிறிய ஏசி அறை. அந்த அறையில் இருக்கும் ஒளிக்கருவியை இயக்குவது என் வேலை. கண் எரிகிறது, மணல் விழுந்தது போல உறுத்துகிறது என்று வருகிறவர்களில் பலருக்குக் கண்ணீர் குறைவாக இருப்பதில்லை. இருக்கிற கண்ணீர் நிற்காமல் காய்ந்துவிடுகிறது, அவ்வளவுதான். இமை ஓரத்தில் வரிசையாகச் சின்னஞ்சிறு எண்ணெய்ச் சுரப்பிகள் உண்டு. அவற்றின் எண்ணெய்தான் பால்மேல் ஆடை போலக் கண்ணீர்மேல் படர்ந்து அதைக் காக்கிறது. சுரப்பிகள் அடைத்துக்கொண்டால் கண் வறண்டு போகும்.

அதற்குத்தான் இந்த ஒளி. கண்ணின்மேல் கவசம் வைத்து, கன்னத்தில் ஜெல் தடவி, ஒரு காதோரத்தில் தொடங்கி மறு காதோரம் வரை பளிச்சுப் பளிச்சென்று ஒளி பாய்ச்சுவோம். பிறகு டாக்டர் இமையை அழுத்துவார். உள்ளே பற்பசை போல இறுகிக் கிடந்த எண்ணெய் வெளியே வரும். பதினைந்து நாளுக்கு ஒரு முறை என்று நான்கு முறை செய்ய வேண்டும். நிறையப் பேருக்கு நன்றாகவே கேட்கிறது.

ஆனால் இந்த ஒளிக்கு ஒரு குணம் உண்டு. தோல் எவ்வளவு கறுப்போ அவ்வளவுக்கு அதில் சூடு தங்கிவிடும். அதனால் கருவியைத் தொடும் முன் நோயாளியின் நிறத்தைக் குறிக்க வேண்டும். ஆறு கட்டங்கள் அச்சிட்ட ஓர் அட்டை என் மேசையில் இருக்கிறது. முதல் கட்டம் வெள்ளைக்காரர் நிறம். நான்காவது நம் ஊரில் மாநிறம் என்கிறோமே, அது. ஐந்தாவது கறுப்பு. ஐந்து என்றால் ஒளியின் அளவை வெகுவாகக் குறைக்க வேண்டும். அதற்கு முன் காதருகே ஓர் இடத்தில் மட்டும் பாய்ச்சி, இரண்டு நாள் பார்த்துவிட்டுத்தான் கன்னத்துக்கு வரவேண்டும். ஆறு என்றால் கருவியைத் தொடவே கூடாது. வேறு வைத்தியத்துக்கு டாக்டரிடமே திருப்பி அனுப்பிவிட வேண்டும்.

எவ்வளவு எளிமையான வேலை! கன்னத்தருகே அட்டையைப் பிடி, ஒத்துப்போகிற கட்டத்தைக் குறி. ஒரு சிறுபிள்ளை செய்துவிடும்.

ஆனால் நம் ஊரில் ஒரு பெண்ணின் முகத்துக்கு நேராகக் கறுப்பு என்று யார் சொல்கிறார்கள்? வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் சொல்லியிருக்கிறேன். வசதியான வீட்டுப் பெண்மணி ஒருவர், நான் ஐந்தைக் குறித்ததைப் பார்த்துவிட்டு, தங்கள் வீட்டில் யாருமே கறுப்பு கிடையாது என்று எழுந்து போய்விட்டார். டாக்டர் என்னைத் திட்டவில்லை. கொஞ்சம் பக்குவமாகப் பேசச் சொன்னார்.

பக்குவமாக என்றால் எப்படி? நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். அட்டையைப் பிடித்தபடியே, "நீங்க மாநிறம்தானே?" என்று கேட்டுவிடுவேன். இல்லை என்று யார் சொல்லப் போகிறார்கள்! கன்னடக்காரர்களிடம் எண்ணெகெம்பு என்பேன். எண்ணெய் தேய்த்த சிவப்பு என்று அர்த்தம். கறுப்பு என்ற சொல்லைத் தொடாமல் இருக்க அவர்கள் வைத்திருக்கும் சொல் அது. கேட்டவர்கள் முகம் மலர்ந்து படுத்துக்கொள்வார்கள். நான் தாளில் சரியான கட்டத்தை மெல்லக் குறித்துக்கொள்வேன். வாய்க்கு ஒன்று, தாளுக்கு ஒன்று என்று பழகிவிட்டது.

நானும் கறுப்புதான். ஐந்தாவது கட்டம். பள்ளிக்கூடத்தில் எனக்கு என்னவெல்லாம் பெயர் வைத்தார்கள் என்பதை இங்கே எழுத மாட்டேன். அதைச் சொல்லி உங்களிடம் இரக்கம் வாங்குவது நியாயமில்லை.

மாதேவி அக்கா பஸ் நடத்துனர். மைசூர் - கொள்ளேகால் ரூட். ராமாபுரத்துக்காரர். என் ஊர் கொள்ளேகால்; சனிக்கிழமைதோறும் அவருடைய வண்டியில்தான் ஊருக்குப் போவேன். நான் ஏறுவதற்குள், ஓட்டுநருக்குப் பின்னால் இருக்கிற ஜன்னல் சீட்டில் தன் பையை வைத்து எனக்கு இடம் பிடித்திருப்பார். என்னைவிட ஆறேழு வயது மூத்தவர். என்னை அம்மணி என்றுதான் கூப்பிடுவார். கூட்டத்துக்குள் புகுந்து புறப்பட்டு, தமிழில் ஒருவரை அதட்டி, கன்னடத்தில் இன்னொருவரைக் கேலி செய்து, படியில் தொங்குகிறவர்களை உள்ளே தள்ளி... அந்த வேலையை அவர் செய்வதைப் பார்க்கவே நன்றாக இருக்கும். அவருக்கும் அதில் பெருமை உண்டு.

அவர் கண் எப்போதும் சிவந்திருந்தது. காற்றும் தூசியும் என்றார். சொட்டு மருந்தை மூன்று வருடமாக விட்டுக்கொண்டிருந்தார். எங்கள் மருத்துவமனைக்கு வாருங்கள் என்று கூப்பிட்டது யார்? நான்தான்! கையைப் பிடித்துக் கூட்டி வராத குறை.

அன்று என் அறையில் இன்னொரு பெண்ணும் உட்கார்ந்திருந்தார். நல்ல சிவப்பு. சிகிச்சை முடிந்து கன்னத்தில் ஐஸ் வைத்துக்கொண்டிருந்தார். மாதேவி அக்கா அட்டையைப் பார்த்தார். அது எதற்கு என்பதை நான் சொல்லாமலே புரிந்துகொண்டார். அந்தப் பெண்ணை ஒரு முறை பார்த்தார். பிறகு, பஸ்ஸில் அத்தனை பேரை அதட்டுகிற அந்தக் குரலே இல்லாமல் என்னிடம் கேட்டார்.

"என்னைய எந்தக் கட்டத்துல போடுவீங்க அம்மணி?"

அட்டை அவர் கன்னத்தருகே இருந்தது. ஐந்து. சந்தேகமே இல்லை, ஐந்து. என் கண்ணுக்கு நன்றாகத் தெரிந்தது. இதை நீங்கள் கவனிக்க வேண்டும்... நான் தவறாகப் பார்க்கவில்லை.

"நீங்க மாநிறம்க்கா" என்றேன். வழக்கமாகச் சொல்வதுதான். ஆனால் அவர் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். என் பேனா எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் நான்கைக் குறித்தேன்.

அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தை நான் பார்த்தேன். எனக்கும் சந்தோஷமாக இருந்தது. அதுதான் உண்மை! ஒருவருக்கு நல்லது செய்துவிட்ட மாதிரி இருந்தது. பிறகு ஐந்து என்று திருத்திக்கொள்ளலாம் என்றும் நினைத்தேன். திருத்தவில்லை. மறந்துவிட்டேனா? அல்லது மறுபடி பேனாவை எடுக்க மனம் வரவில்லையா? நான்கு வருடமாகக் கேட்டுக்கொள்கிறேன். ஒரு நாள் ஒரு பதில் வருகிறது, மறுநாள் இன்னொன்று வருகிறது.

நான்கு என்று குறித்ததால் காதோரச் சோதனை இல்லை. முதல் முறை எல்லோருக்குமே ஒரு படி குறைத்துத்தான் தொடங்குவோம். அவருக்குக் கன்னம் சிவந்து இரண்டு நாளில் அடங்கியது. கண் எரிச்சல் குறைந்திருப்பதாகச் சொல்லி, அந்தச் சனிக்கிழமை பஸ்ஸில் எனக்கு ஒரு முழம் மல்லிகை வாங்கிக் கொடுத்தார்.

இரண்டாம் முறை, நான்காம் கட்டத்துக்கு உரிய முழு அளவு. பழைய தாளைப் பார்த்து அப்படியே எண்ணை அழுத்தினேன். ரப்பர் பேண்டால் சுண்டுவது போல இருக்கும் என்று எல்லோருக்கும் சொல்வதை அவருக்கும் சொல்லியிருந்தேன். பாதியில் அவர் சொன்னார்.

"கொஞ்சம் ஜாஸ்தியாச் சுடுதுங்க அம்மணி."

நிறுத்தியிருக்கலாம். நிறுத்த ஒரு பொத்தான் இருக்கிறது, சிவப்பாக, என் கட்டைவிரலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. இன்னும் ஆறே ஆறு ஷாட்தான், பொறுத்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் பொறுத்துக்கொண்டார். பஸ்ஸில் நின்றே பழகிய காலல்லவா, எதையும் பொறுத்துக்கொள்வார். ஆறு ஷாட்டையும் போட்டு முடித்தேன்.

மூன்றாம் நாள் காலை அவர் வந்தபோது முகத்தைத் துப்பட்டாவால் மூடியிருந்தார். விலக்கினார். இரண்டு கன்னத்திலும் கட்டம் கட்டமாக... கருவியின் முனை என்ன வடிவமோ அதே வடிவத்தில், விரல் நீளத்துக்கு, வரிசையாகக் கொப்புளங்கள். ஐயோ! அதைப் பார்த்த கணத்திலேயே எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. தாளில் இருக்கும் நான்கு என் கண்முன் நின்றது.

டாக்டர் பார்த்தார். நிறத்தைச் சரியாகப் பார்த்தாயா என்று கன்னடத்தில் என்னைக் கேட்டார். குரலை உயர்த்தவில்லை. அவர் உயர்த்தியிருந்தால் ஒருவேளை நான் அழுது உண்மையைச் சொல்லியிருப்பேன். இப்படியும் சில நாள் அவர்மேல் பழியைப் போட்டுப் பார்க்கிறேன். அதுவும் நிற்பதில்லை.

பார்த்தேன் சார், நான்குதான் என்றேன். பஸ்ஸில் வேலை செய்கிறார் சார், வெயிலில் போயிருப்பார், தோல் கறுத்திருக்கும் என்றேன். எவ்வளவு சுலபமாக வந்தது தெரியுமா! யோசிக்கவே இல்லை. வாய் தானாகப் பேசிற்று. சிகிச்சைக்குப் பிறகு வெயில் படக்கூடாது என்பது உண்மையான விதி. அவர் வெயிலில் வேலை செய்வதும் உண்மை. இரண்டு உண்மையைச் சேர்த்து ஒரு பொய்யைச் செய்துவிட்டேன்.

டாக்டர் அவர் பக்கம் திரும்பி, வெயிலில் போனீர்களா என்று கேட்டார்.

மாதேவி அக்கா தன் மடியைப் பார்த்தார். நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன். இல்லை என்று அவர் அடித்துச் சொல்லிவிட வேண்டும் என்று வேண்டினேனா, சொல்லிவிடக் கூடாது என்று வேண்டினேனா? இரண்டாவதுதான். அதில் எனக்குக் குழப்பமே இல்லை.

"மூஞ்சியக் கட்டிக்கிட்டுத்தானுங்க டூட்டி பாத்தேன்" என்றார், டாக்டரிடம் நேராகச் சொல்லக் கூசி, என்னிடம் தமிழில். "டி.நரசிப்புரத்துல ஒருக்கா டீ குடிக்க அவுத்தேன். அப்பறம் ஒரு பாட்டிக்குக் காது கேக்கல, அதுக்கோசரம் ஒருக்கா அவுத்தேன். அதுவாத்தான் இருக்கும். எம்மேலதான் தப்பு."

கேட்டீர்களா? எத்தனை முறை துணியை அவிழ்த்தோம் என்று உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடித்திருக்கிறார்! குற்றவாளி பக்கத்தில் நிற்கிறாள், அவரோ தன் குற்றத்தைத் தேடிக்கொண்டிருக்கிறார். நான் அந்தப் பேச்சை டாக்டருக்குக் கன்னடத்தில் சொன்னேன். அவருக்குத் தமிழ் புரியாது. துணியைக் கட்டிக்கொண்டு வேலை பார்த்தார் என்பதை விட்டுவிட்டேன். வெயிலில் அவிழ்த்ததை ஒத்துக்கொள்கிறார் என்று மட்டும் சொன்னேன். கன்னடம் தெரிந்த அக்கா அதைக் கேட்டும் திருத்தவில்லை; தப்பு தன்மேல்தான் என்று நம்பிவிட்டார்.

களிம்பு எழுதிக் கொடுத்தார்கள். சிகிச்சையை நிறுத்தினார்கள். கொப்புளம் ஆறியது. தழும்பு ஆறவில்லை. சில கட்டங்கள் அட்டைக்கறுப்பாக, சில வெளுத்துப்போய், இரண்டு கன்னத்திலும் நின்றுவிட்டன.

அதன்பிறகு இரண்டு மாதம் அவர் வண்டியில் போனேன். பயணிகள் டிக்கெட்டை வாங்குவதற்கு முன் அவர் முகத்தைப் பார்ப்பதை நானும் பார்த்தேன். ஒரு ஆள், வீட்டில் சூடு போட்டார்களா என்று எல்லோர் காதிலும் விழக் கேட்டான். பழைய மாதேவி அக்காவாக இருந்தால் அவனை அங்கேயே இறக்கிவிட்டிருப்பார். டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு நகர்ந்தார். அந்த வாரத்தோடு எழுதிக் கொடுத்து, டிப்போவுக்குள் உட்கார்ந்து செய்கிற வேலைக்கு மாறிக்கொண்டார். பஸ் வேலையால்தான் முகம் போயிற்று, இனி வெயிலே வேண்டாம் என்று ஓட்டுநரிடம் சொன்னாராம். என் பொய் அவரை வண்டியிலிருந்தே இறக்கிவிட்டது.

நான் ரூட்டை மாற்றிக்கொண்டேன். சாமராஜநகர் போய், அங்கிருந்து வேறு பஸ் பிடித்துக் கொள்ளேகால் போகிறேன். ஏன் இப்படித் தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிறாய் என்று அம்மா கேட்கிறாள். நேர் வண்டியில் கூட்டம் என்கிறேன். அந்த வண்டியில் இப்போது மாதேவி அக்கா இல்லை என்பது எனக்கும் தெரியும். இருந்தும் அந்த ஜன்னல் சீட்டில் உட்கார முடியவில்லை.

எங்கேயும் உட்கார முடியவில்லை. மதியச் சாப்பாட்டை நின்றுகொண்டே சாப்பிடுகிறேன். சந்தையில், கோயிலில், சிக்னலில் நிற்கிற ஆட்டோவில், எந்த முகத்தைப் பார்த்தாலும் கன்னத்துக்கு எண் போடுகிறேன். நான்கு, ஐந்து, ஐந்து, நான்கு, ஆறு... என் கண்ணாடியில் ஐந்து. வேலையில் என்னைப் போலக் கவனமான ஆள் கிடையாது என்று டாக்டர் புதிதாக வந்தவர்களிடம் சொல்கிறார். நான்கு வருடத்தில் ஒருவருக்குக்கூட என் கையால் கொப்புளம் வரவில்லை. இதைச் சொல்லி என்னை நானே தட்டிக்கொடுக்கப் பார்க்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். சொல்லத்தான் நினைத்தேன். ஒரு முறை டிப்போ வாசல் வரை போனேன். "அக்கா, வெயில் இல்லை, நான்தான்." நான்கே நான்கு சொற்கள். பாடம் செய்து வைத்திருந்தேன். காவலாளி யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். யாரையும் இல்லை என்று திரும்பிவிட்டேன். வேலை போய்விடும் என்ற பயமா? முதலில் அதுதான். பிறகு அது தேய்ந்துவிட்டது. அவர் என்னைப் பார்க்கிற பார்வை மாறிவிடும் என்ற பயம் மட்டும் தேயவே இல்லை.

போன செவ்வாய்க்கிழமை அவரே வந்தார்.

கூடத் தன் தங்கை மஞ்சுளாவை அழைத்து வந்திருந்தார். மஞ்சுளா இங்கே ஒரு ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் தைக்கிறாள். அக்காவுக்கு வந்த அதே கண் வறட்சி அவளுக்கும். டாக்டர் ஒளிச் சிகிச்சை எழுதியிருந்தார். மாதேவி அக்கா பவுடர் நிறையப் பூசியிருந்தார். அதற்குள்ளிருந்தும் கட்டங்கள் தெரிந்தன. கண் அதே சிவப்பு. இல்லை, இன்னும் அதிகம். பாதியில் நின்ற சிகிச்சை அல்லவா. சில சுரப்பிகள் செத்தே போய்விட்டன, இனி அவை திரும்பாது என்று டாக்டர் அவரிடம் கீழே சொல்லி அனுப்பியிருந்தார்.

என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டார். ஏன் இப்போது அந்த வண்டிப் பக்கமே வருவதில்லை, ஓட்டுநர் சொன்னாரே என்று கேட்டார். பிறகு தங்கையைப் படுக்கையில் உட்காரவைத்துப் புத்தி சொன்னார். இந்த அம்மணி சொல்வதைக் கேட்டு நட, வெயிலில் தலை காட்டாதே, நான் கேட்காமல்தான் இந்தக் கதி ஆனேன், என் முகத்தைப் பார்த்துத் திருந்திக்கொள் என்றார். மஞ்சுளா பயந்துபோய்த் தலையாட்டினாள். என் பொய் இப்படி அவர் வாயில் அறிவுரையாக வந்து நின்றது!

அட்டையை எடுத்தேன். மஞ்சுளாவின் கன்னத்தருகே பிடித்தேன். அக்காவும் தங்கையும் ஒரே நிறம். எள்ளளவும் வித்தியாசமில்லை. ஐந்தைக் குறித்தேன். இன்று காதோரம் ஒரு சோதனை மட்டும், இரண்டு நாள் கழித்துத்தான் மற்றது என்றேன்.

மாதேவி அக்கா எட்டிப் பார்த்தார்.

"எனக்கு நாலுதான போட்டீங்க? இவளுக்கு மட்டும் ஏனுங்க அஞ்சு?"

சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை. சும்மாத்தான் கேட்டார். ஆனால் அதைவிட அகலமாக ஒரு கதவு இனி எனக்குத் திறக்கப் போவதில்லை. அறையில் வேறு யாரும் இல்லை. அவர் என் எதிரிலேயே நிற்கிறார். அந்த நான்கு சொற்களும் தொண்டை வரை வந்துவிட்டன. அக்கா என்று தொடங்கியும் விட்டேன்.

"அக்கா... நீங்க இவங்களவிட ஒரு படி நெறம்க்கா" என்றேன்.

எங்கிருந்து வந்தது அது? எனக்கே தெரியாது. நான்கு வருடம் முன்பு போட்ட அதே முடிச்சை மறுபடியும் என் கையாலேயே இறுக்கினேன். மஞ்சுளா பொய்க்கோபத்தோடு அக்காவைக் கிள்ளினாள். மாதேவி அக்கா சிரித்தார். அந்தத் தழும்பின்மேல் கை வைத்து, கூச்சத்தோடு, ஒரு சின்னப் பெண்ணைப் போலச் சிரித்தார்.

மஞ்சுளாவின் காதோரம் ஜெல் தடவி, ஒரே ஒரு ஷாட் போட்டேன். குறைந்த அளவு. வியாழக்கிழமை வரச் சொன்னேன். அதன்பிறகு நான்கு முறை வரவேண்டும். நான்கு முறையும் அக்காவும் கூட வருவார்.

தங்கையை முன்னால் அனுப்பிவிட்டு, படிக்கட்டருகே மாதேவி அக்கா நின்றார். தணிந்த குரலில் சொன்னார்.

"கீழ டவுன்ல வேற ஆஸ்பத்திரிக்குப் போலாம்னாளுங்க இவ. நாந்தான் ஒத்துக்கல. என்னையப் பாத்து மாநிறம்னு சொன்னது, இத்தன வயசுல, நீங்க ஒருத்தர்தாங்க அம்மணி. அதுக்கோசரமேதான் இங்க கூட்டியாந்தேன்."

நான் தலையாட்டினேன். அவர் இறங்கிப் போனார். அடுத்த நோயாளியை உள்ளே வரச் சொன்னேன்.